பின்வளவுக்கு வந்த றோட்டு

என் சகலனின் வாசலுக்குக் காபட் றோட்டு வந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல் ஆறவில்லை. ஆறிவிட்டது என்று சொல்லி நல்லபிள்ளைப் பெயர் எடுக்கும் எண்ணமும் இல்லை. தார் ஊற்றிக் கறுப்பாய், வழுவழுவென்று, நடுவில் வெள்ளைக்கோடு கீறி, இரண்டு கரையிலும் மூடிய வடிகானோடு ஒரு கண்டறியாத றோட்டு. மழை பெய்தால் தண்ணீர் நிற்காது. வெயில் எறித்தால் பளபளக்கும். விடிய எழும்பிப் பார்த்தால், வருடக்கணக்காய் எங்கள் முன்வீதியில் படுத்துக்கிடந்து என் செவ்வரத்தைக் கன்றுகளைத் தின்று கொழுத்த, எங்கள் ஊருக்குள் மாடு மாதிரித் திரியும் மான்கள்கூட அங்கே போய்க் கால் மடித்துக் கிடக்கின்றன. மானுக்கும் காபட் கேட்கிறது!

என் மனைவியும் சகலனின் மனைவியும் கூடப்பிறந்த அக்கா தங்கச்சி. மாமனாருக்கு அந்த இரண்டு பெண்கள் மட்டும்தான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறவேண்டியதுதான். மாமனார் தன் வளவைக் குறுக்கே இரண்டாக்கினார். பழைய வீட்டோடு முன்பாதி மூத்தவளுக்கு, அதாவது என் மனைவிக்கு. பின்பாதியில் ஒரு சின்னக் கல்வீடு கட்டி அதை இளையவளுக்குக் கொடுத்தார். நடுவில் ஒரு வேலி, வேலியில் ஒரு படலை.

அந்த நாளில் வெற்றி யாருக்கு என்று கேட்கவே தேவையில்லை. பழைய வீடு, துறைமுகத்துக்கு வந்த வெள்ளைக்காரக் கப்பல்களுக்கு விறகும் ஆட்டிறைச்சியும் கொடுத்துச் சம்பாதித்த என் மனைவியின் பூட்டன் கட்டியது. விறாந்தை நீளத்துக்குத் தூண்கள், ஒரு ஆள் கட்டிப்பிடிக்க ஏலாத பருமனில். முன்கதவும் பின்கதவும் நேருக்கு நேர் இருப்பதால் கடற்காற்று ஒரு பக்கத்தால் நுழைந்து மற்றப் பக்கத்தால் போகும். பின்வளவு என்ன? ஈச்சம்பற்றையும் மணல் ஒழுங்கையும். ஒழுங்கையின் முடிவில் கருவாடு காயப்போடுவார்கள். காற்று மாறினால் சகலனின் வீட்டில் சோறும் கருவாடாய் மணக்கும். அந்த வீட்டுக்கு நான் வைத்த பெயர் கோழிக்கூடு. கலியாணவீடுகளில் என்னைப் 'பெரிய வீட்டு மாப்பிள்ளை' என்பார்கள். அவனை என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை, ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

முகத்துக்கு முன்னால் நான் அவனை 'நீர்' என்றுதான் கதைப்பேன். கணக்குப் படிப்பித்த வாத்தியார், மரியாதையான மனிசன். 'அவன்' என்பது மனதுக்குள். இங்கே மனதுக்குள் இருக்கிறபடியே எழுதுகிறேன்.

துறைமுகத்துப் பண்டகசாலையில் கணக்கெழுதிவிட்டு நான் பின்னேரம் வீட்டுக்கு வந்தால், மாமனாரின் சாய்மனைக் கதிரையை விறாந்தையின் விளிம்புக்கு இழுத்துப்போட்டு, காலை நீட்டி, வீதியில் போவோர் வருவோரைப் பார்த்தபடி தேத்தண்ணி குடிப்பேன். அந்த நேரம் சகலனும் படலையால் வந்துவிடுவான். ஒருநாள் தவறமாட்டான். கதிரையில் இருக்கமாட்டான். நடுத்தூணின் அடியில், நிலத்தில், வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பான். வீதி பார்க்கவும் தெரியாத மனிசன் என்று நினைத்துக்கொள்வேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இப்படித்தான் போனது. சண்டைக்காலத்தில் காணி விலையே கிடையாது, அப்போதும் என் காணி முன்காணி, அவனுடையது பின்காணி. எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது.

பிறகு ஊர் வளரத் தொடங்கியது. திமிங்கிலம் பார்க்க வெள்ளைக்காரர் வந்தார்கள், விடுதிகள் முளைத்தன, கடற்கரைக்கு அகலமான றோட்டு வேண்டும் என்றார்கள். வெளிநாட்டு நிதி வந்திருக்கிறதாம். முதல் போட்ட வரைபடத்தில் றோட்டு எங்கள் முன்வீதியால்தான். அகலிப்பதற்கு எங்கள் விறாந்தை முழுவதும் போகும், நட்டஈடு தருவார்கள். மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டு திரிந்தாள். நானும் அவளுக்காக முகத்தைத் தொங்கப்போட்டேனே தவிர, உள்ளுக்குள் கணக்கு வேறு. எங்களுக்கு ஒரே ஒரு மகள். அவளுக்கு ஒரு வீடு கொடுக்கவேண்டும். நட்டஈட்டோடு றோட்டுக்கரையில் கீழே ஒரு கடை, மேலே வசதியான புதுவீடு என்று நான் மனதில் கட்டி, பெயின்றும் அடித்து முடித்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் பழைய கட்டடங்களைப் பதிகிற அரசாங்கத் திணைக்களத்தில் இருந்து ஒரு பிள்ளை வந்தாள், தோளில் கமெராவும் கையில் அளவுநாடாவும். சும்மா ஒருதரம் பார்க்க வந்தவள். படலையால் அன்றைய தேத்தண்ணிக்கு வந்த சகலன் அவளைக் கண்டதும் விட்டானா?

"பிள்ளை, இந்தத் தூணைத் தொட்டுப் பாருங்கோ. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் குழைச்சுப் பூசினது. இவ்வளவு வெயிலுக்கும் எப்பிடிக் குளிர்ந்துகிடக்கு எண்டு பாருங்கோ. இப்பிடி ஒண்டை இனி ஆராலும் கட்டேலுமே?"

தூணை, நிலைக்கதவை, முகட்டு மரத்தை என்று அவன் ஒவ்வொன்றாய்ப் புகழப் புகழ எனக்கும் தலைக்கேறிவிட்டது. அலுமாரியைத் திறந்து பூட்டனின் வெள்ளிப்பூண் பிரம்பை எடுத்துக் காட்டினேன். நானும் சேர்ந்து நல்லாய்ப் புழுகினேன். அந்தப் பிள்ளை தேத்தண்ணியையும் ஆறவிட்டுப் படம் எடுத்துத் தள்ளினாள்.

சில மாதத்தில் மூன்று பாஷையிலும் எழுதிய பலகை ஒன்றை எங்கள் மதிலில் கொண்டுவந்து பூட்டினார்கள். இது பாதுகாக்கப்பட்ட கட்டடமாம், மாற்றினால் குற்றமாம். நான் புதுச்சாரம் உடுத்துப் பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்து, கனடாவில் இருக்கிற தம்பிக்கு அனுப்பினேன். அந்தப் படம் போய்ச் சேர்ந்து அவன் பதில் போடுமுன்னமே நில அளவையாளர்கள் பின்ஒழுங்கையில் முளை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பழைய வீட்டைக் காப்பாற்றுவதற்காக றோட்டைப் பின்பக்கம் திருப்பிவிட்டார்களாம்!

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல? மண் கிண்டும் பெக்கோ வந்தது, ஈச்சம்பற்றை போனது. கருவாட்டுப் பந்தலை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். றோலர் ஓடிய நாட்களில் எங்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடி நடுங்கியது, நானும்தான். தார்மணம் வேலி தாண்டி என் விறாந்தைக்கு வந்தது. தெருவிளக்கு வந்தது. பின்காணிக்கு வந்த விலையை மற்றவர்கள் சொல்லக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டேன். அங்கே பாமசி போட இடம் கேட்டு ஒருவர், ஐஸ்கிறீம் கடை போட இடம் கேட்டு இன்னொருவர். கோழிக்கூட்டுக்கு!

எங்கள் முன்வீதியோ தண்ணீர்க்குழாய் தாழ்க்கக் கிண்டியது கிண்டியபடி கிடந்தது. கேட்டால், ஒதுக்கிய நிதி முழுவதும் பின்பக்கத்துக்குப் போய்விட்டது, அடுத்த ஒதுக்கீட்டில் பார்க்கலாம் என்றார்கள். வீட்டைப் பாதுகாக்கிறவர்கள் வாசலில் கிடக்கிற குழிகளையும் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள் போல என்று நான் அந்த அரசாங்கக் கந்தோரில் வைத்தே சொல்லிவிட்டு வந்தேன். சிரித்தார்கள். மரக்கறி வான் எங்கள் வீதிக்கு வருவதை நிறுத்தியது. கலியாண அழைப்புக் காட்டுகள் சகலனின் வீட்டில் கொடுக்கப்பட்டு, 'அண்ணைக்கும் குடுத்துவிடுங்கோ' என்று படலையால் எனக்கு வந்தன. ஆஸ்பத்திரியில் தாதியாய் இருக்கும் என் மகள் தன் ஸ்கூட்டியைச் சின்னம்மா வீட்டில் விட்டாள். என் மனைவி கோயிலுக்குப் பின்பக்கத்தால் போனாள். நான் மட்டும் பிடிவாதமாய் முன்வீதியால் போய், ஒருநாள் குழிக்குள் கால் பிரண்டு, நொண்டிக்கொண்டு வந்தேன். அன்றைக்கும் சகலன்தான் எண்ணெய் கொண்டுவந்து பூசிவிட்டான். காலைவிட அதுதான் கூட நொந்தது.

இவ்வளவையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பேன். மகளின் கலியாணப் பேச்சுக்கால் வந்தபோதுதான் விஷயம் கழுத்துக்கு வந்தது. சாம்பல்தீவுப் பக்கத்து ஆட்கள், நல்ல குடும்பம், பெடியனை அவளுக்கும் பிடித்துவிட்டது. பெண்பார்க்க வந்தார்கள். எந்தப் பக்கத்தால் வந்தார்கள் என்கிறீர்கள்? முன்வீதியில் வான் இறங்காது என்று காபட் றோட்டால் வந்து, சகலனின் வாசலில் இறங்கி, அவன் வீட்டு முற்றத்தைத் தாண்டி, படலையால் என் வீட்டுக்குள் பின்பக்கமாய் நுழைந்தார்கள். வரவேற்க முன்வாசலில் பட்டுவேட்டியோடு நின்ற நான் திரும்பி ஓடவேண்டியதாய்ப் போயிற்று.

பெடியனின் தாய் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். தூணை ஒருதரம் தட்டிப் பார்த்தாள்.

"பெரிய வீடுதான், இல்லையெண்டு சொல்லேலாது," என்றாள். "ஆனா ஒரு வான் கொண்டுவந்து விட வழியில்லை. பாத்றூமுக்கு முற்றம் தாண்டிப் போகவேணும். ஒண்டு ஒட்டிக் கட்டுவமெண்டாலும் அந்தப் பலகை விடாதாமே. நாளைக்குப் பிள்ளைகுட்டி எண்டு வந்தா என்ன செய்யிறது?"

பிறகு பின்கதவில் நின்று எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "அங்கால இருக்கிற வீடு ஆருடையது?"

"என்ர தங்கச்சியின்ர," என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டுச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு இன்னும் பற்றியெரிந்தது.

யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். நான் அடுத்த கிழமையே குறிஞ்சாக்கேணியில் இருந்து எனக்குத் தெரிந்த மேசன் பாஸைக் கூப்பிட்டு, பின்பக்கச் சுவரோடு சேர்த்து ஒரு பாத்றூம், ஆருக்கும் தெரியாமல் செய்யலாமா என்று கேட்டேன். அவர் பலகையை வாசித்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "சேர், கோவிக்காதீங்க. எனக்கும் புள்ள குட்டி இரிக்கி" என்று சொல்லி எழும்பிவிட்டார். மகள் ஒன்றும் கேட்கவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். வழமையாய்ப் பகிடிவிடுகிற பெட்டை வாய் திறக்காமல் இருந்தது எனக்குப் பொறுக்க ஏலாமல் இருந்தது. வீடு ஒன்றால் இந்தச் சம்பந்தம் குழம்பினால் அவள் முகத்தில் நான் எப்படி முழிப்பது?

"தங்கச்சியிட்டக் கதைப்பமே?" என்றாள் மனைவி.

"அவனிட்ட நான் கை நீட்டுறதோ? செத்தாலும் இல்லை."

"நான் அவரைச் சொல்லேல்லை, தங்கச்சியைச் சொன்னனான்," என்றாள். எனக்கு அதில் என்ன வித்தியாசம் என்று அப்போது விளங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் படலைக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். சகலன் ஈர்க்குவிளக்குமாற்றோடு தன் வாசலில் காபட் றோட்டைக் கூட்டிக்கொண்டு நின்றான். அரசாங்கத்து றோட்டை! சொந்தப் பாயைக் கூட்டுகிறவன் போல! எனக்கு வந்த விசருக்குப் படலையைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"உமக்கு இப்ப சந்தோஷம்தானே?" என்றேன்.

"என்னண்ணை?"

"என்ன என்னண்ணை! அண்டைக்கு அந்தப் பிள்ளைக்கு முன்னால தூண், கதவு, முகடு எண்டு புழுகித் தள்ளினீரே, எதுக்கு? றோட்டை உம்மட பக்கம் இழுக்கத்தானே? கணக்கு வாத்தியார் எல்லே, கணக்காய்த்தான் செய்திருக்கிறீர். உமக்கு ரெண்டும் பெடியன். உமக்கு எதுக்கு ஐயா றோட்டு வீடு? பெட்டையை வைச்சிருக்கிறவன் நான். என்ர பெட்டைக்கு ஒரு பாத்றூம் கட்டேலாமல் நிக்கிறன்!"

அவன் விளக்குமாற்றை மதிலில் சாத்தினான். அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு வந்தது.

"நான் றோட்டுக் கேட்டனானே அண்ணை? எப்ப கேட்டனான்? அந்த விறாந்தையை இடிக்கப்போறாங்கள் எண்டு கேட்ட நாள் தொடக்கம் எனக்கு நித்திரை இல்லை. உங்களுக்கு அது இருந்தென்ன, போயென்ன? நட்டஈடு வரும் எண்டு நீங்கள் விரலை மடிச்சு எண்ணினதை நான் பார்த்தனான். கலியாணம் முடிச்சு இஞ்ச வந்த நாள் முதல் எனக்கு அந்த வீட்டில ஒரு கண். உங்களில எரிச்சல். ஓம், எரிச்சல்தான்! ஒவ்வொரு நாளும் வந்து நிலத்தில இருந்தனே, ஒருநாளாவது அந்தக் கதிரையைக் காட்டி 'இரும்' எண்டு சொன்னனீங்களே?"

உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சண்டைக்கு நடுவிலும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இவ்வளவு காலமும் இந்த மனிசன் என்னைப் பார்த்து எரிந்திருக்கிறான்! இது முன்னமே தெரிந்திருந்தால் காபட்டையும் கொஞ்சம் பொறுத்திருப்பேனே. ஆனாலும் தோற்ற மாதிரி நிற்க மனமில்லாமல், "உம்மட வீட்டை நீரே கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடவும், என்ர வீட்டைப் பற்றிக் கதைக்காதையும்" என்று கத்தினேன். அவனும் பதிலுக்குக் கத்தினான். ஒரு மானும் குட்டியும் எழும்பி ஓடின.

அப்போதுதான் அக்காவும் தங்கச்சியும் குசினிப் பக்கத்தால் வந்தார்கள். இரண்டு பேரின் கையிலும் தேங்காய்ப்பூ. இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தவர்கள்.

"ரெண்டு பேரும் கத்தி முடிஞ்சுதோ?" என்றாள் என் மனைவி. "உங்கட வீடு, என்ர வீடு எண்டு றோட்டில நிண்டு அடிபடுறியளே, உங்கள் ரெண்டு பேருக்கும் இஞ்ச ஒரு ஓடாவது சொந்தமாய் இருக்கே?"

முன்வீட்டு உறுதிப்பத்திரம் அவள் பெயரில். பின்வீட்டு உறுதி தங்கச்சி பெயரில். மாமனார் அப்படித்தான் எழுதினார், ஊரில் எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். எனக்கு அது தெரியாததில்லை. எப்படியோ மறந்துபோயிற்று.

மச்சாள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அத்தான், எனக்கு ரெண்டும் பெடியன். அவங்கள் நாளைக்குப் பொம்பிளை வீட்டுக்குப் போயிடுவாங்கள். அம்மாவின்ர காணி பெட்டைக்குத்தான் போறது. எங்களுக்கு இருக்கிறது ஒரு பெட்டை. இந்த வீடு அவளுக்கு. றோட்டுக்கு முளை அடிச்ச அண்டைக்கே நானும் அக்காவும் கதைச்சு முடிச்சிட்டம்."

"அப்ப நாங்கள்?" என்று சகலன் கேட்டான். பாவம், அவனுக்கும் தெரியாது.

"அக்கா வீட்டு வடக்கு அறை சும்மா கிடக்கு. நான் பிறந்த அறை. அங்க போவம். உங்களுக்கும் அந்த வீட்டிலதானே கண்?"

"மாப்பிள்ளையின்ர தாய் என்ன சொல்லுவா?" என்றேன் நான்.

"நேற்றே கோல் எடுத்துச் சொல்லியாச்சு. நாள் பார்க்கச் சொல்லிப்போட்டா," என்றாள் மனைவி. "இடியப்பம் ஆறுது, வாங்கோ."

கலியாணம் நடந்து முடிந்தது. வேலியையும் படலையையும் பந்தலுக்காகப் பிடுங்கினார்கள், திரும்ப ஒருவரும் போடவில்லை. காபட் றோட்டில் வந்து இறங்கிய சனம் எல்லாம் 'சின்னம்மாவும் சித்தப்பாவும் எவ்வளவு பெரிய மனசு' என்று சகலனின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். தாரை வார்த்துக் கொடுத்தவன் நான். என் கையை ஆர் பிடித்தார்கள்?

கலியாணத்துக்கு அடுத்த கிழமை அவர்கள் வடக்கு அறைக்கு வந்தார்கள். அன்று பின்னேரம் நான் வழமைபோல் சாய்மனைக் கதிரையில் இருந்தேன். சகலன் வெளியே வந்து, நடுத்தூணடிக்குப் போய், இருக்கப்போனான். என் மகள் குடியிருப்பது அவன் எழும்பிக் கொடுத்த வீட்டில். எனக்கு வேறு வழி இருந்ததா? எழும்பினேன்.

"இரும்," என்றேன்.

ஒரு மரியாதைக்காவது வேண்டாம் என்று சொல்லுவான் என்று பார்த்தேன். இருந்துவிட்டான். காலை நீட்டினான். கண்ணை மூடினான். அன்று போன கதிரை போனதுதான். இப்போது நான் எழும்புமுன்னமே எழும்பி வந்து இருந்துவிடுகிறான். பலகையைப் பார்த்துவிட்டு வெள்ளைக்காரர் வந்தால், வீட்டுச் சொந்தக்காரர் என்று நினைத்து அவனைத்தான் படம் எடுக்கிறார்கள். அவனும் கூசாமல் சிரித்துக்கொண்டு இருக்கிறான்.

எனக்குத் தூணடிதான் மிச்சம். முதல் நாள் எரிச்சலோடு போய் இருந்தேன். வீதியைப் பார்த்தால் சகலனின் கால்தான் தெரிகிறது. வேறு வழியில்லாமல் வீதிக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். முன்கதவு திறந்திருந்தது, ஹோல் தாண்டிப் பின்கதவும் திறந்திருந்தது. அதற்கும் அப்பால், வேலி நின்ற இடத்தைத் தாண்டி, நேரே அந்த வீட்டின் குசினி வாசல். என் மகள் கேத்திலோடு நின்றாள். வாய்க்குள் ஏதோ பாட்டு. தூண் முதுகில் குளிர்ந்தது, காற்று முகத்தில் அடித்தது. அவள் நிமிர்ந்து என்னைக் கண்டு கையைக் காட்டினாள். சாய்மனைக் கதிரையில் இருந்தால் இதில் ஒன்றுமே தெரியாது.

அந்தக் காலத்தில் அந்தக் குசினி வாசலில் நின்று வேலை செய்தவள் அவன் மனைவி. படலை எப்போதும் திறந்தே கிடக்கும், மூடினால் திரும்பவும் திறந்து வைப்பவன் அவன்தான். இருபத்தைந்து வருடத்துக்கு மேல், வீட்டிலேயே நல்ல இடத்தில் நிலத்தோடு நிலமாய் இருந்து அவளைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்திருக்கிறான். நான் கதிரையில் சாய்ந்து வெறும் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னானா எனக்கு?